சிவப்புத் தூசி

தம்பி மகனுக்கு அப்போது ஏழு வயது. ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். துவைப்பதற்காக அவனுடைய கைக்குட்டையை எடுத்த அம்மா, பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டை முழுக்கச் சிவப்பு.

“ரத்தம்டீ” என்றாள் என்னிடம். பாதிக் குரல்தான் வந்தது. எங்கள் வீட்டில் இருமலோடு வரும் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். நைனாவின் கடைசி இரண்டு வருடங்களில் அவர் தலைமாட்டில் கிடந்த துண்டுகளைத் துவைத்தவள் அவள்.

உள்ளேயிருந்து வந்த தம்பி சிரித்தான். “ரத்தம் இல்லம்மா, ரூஜு” என்றான்.

ரூஜ் என்பது நகைக்குக் கடைசி மெருகு ஏற்றும் சிவப்புக் கட்டி. இரும்பு ஆக்சைடை, அதாவது ஏறக்குறைய துருவை, மாவாக அரைத்து மெழுகும் கொழுப்பும் சேர்த்துக் கட்டியாக்கியது. வேகமாகச் சுழலும் துணிச் சக்கரத்தில் அதைத் தடவி, மோதிரத்தையோ வளையலையோ காட்டினால் தங்கம் கண்ணாடிபோல் மின்னும். சக்கரத்திலிருந்து பறக்கும் பொடி சுவரில், துணிக் கொடியில், தோசைக் கல்லில் என்று எங்கெங்கோ படியும். அன்று ஒரு குழந்தையின் மூக்கு வரை போயிருந்தது.

தம்பி சிரித்தது நியாயம்தான். ரத்தமில்லையே. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மோட்டார் வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பித்தது, 1956இல் மைசூர் அரசிடம் போய், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாகி, ஒரு நாள் சங்கு ஊதாமல் நின்றுபோயிற்று. அதன் பிறகு ஊரின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். தம்பி அவர்களில் ஒருவனானான். நகரத்பேட்டையில் ஒரு நகைப் பட்டறையில் பாலிஷ் வேலை. வங்காளத்திலிருந்து வந்த பையன்களோடு உட்கார்ந்து தொழில் கற்றான். இன்றும் எரிச்சல் வந்தால் வங்காளத்தில் திட்டுகிறான். தங்கம் தோண்டியவரின் மகன் தங்கத்தைத் தேய்க்கப் போனான் என்று அப்போது நான் ஒரு கட்டுரையில் எழுதி, அது நல்ல வரி என்று நினைத்துக்கொண்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது. பட்டறை மூடிக் கிடந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவன், தெரிந்த ஒருவரிடம் பழைய பாலிஷ் மோட்டார் ஒன்றை வாங்கி, வீட்டின் முன்னறையில் மேசை போட்டுப் பொருத்தினான். முதலில் கவரிங் நகையும் வெள்ளிக் கொலுசும் வந்தன. பிறகு ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் நம்பித் தங்கமே கொடுத்தார். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது இவன் போகவில்லை. போக வர ஐந்து மணி நேரம் மிச்சம், வீட்டுச் சாப்பாடு, பிள்ளை கண்ணெதிரில். யார்தான் போவார்கள்?

வீடு என்றால் சுரங்கக் காலத்து லைன் வீடு. முன்னறை பத்துக்குப் பத்து. அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஒரு சந்து. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றே. முன்னறையில்தான் பகலில் மோட்டார் ஓடும். இரவில் அதே இடத்தில் பாய் விரித்து நான்கு பேர் படுப்பார்கள்.

நான் வயிற்றுப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பவள். கைக்குட்டை சம்பவம் நடந்த அதே மாதத்தில், வீட்டிலிருந்து வேலை செய்யும் கைத்தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்று ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வந்திருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலை. சாதாரணமாக இந்த மாதிரிக் கையேடுகளை இரண்டு நாளில் முடித்துவிடுவேன். இதில் ஓர் அத்தியாயம் நகை பாலிஷ் பற்றி. அங்கே நின்றுவிட்டேன்.

முதல் சிக்கல் சொல்லில். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதற்குத் தமிழில் தூசி, தூள், துகள், பொடி, புழுதி என்று எத்தனையோ. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இது பெருமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கையேடு சொல்லும் தூசி இவை எதுவுமில்லை. வெயில் கீற்றில் மிதப்பது தெரிகிறதே, அது பெரிய தூசி. மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடியாழம் வரை போவது கண்ணுக்கே தெரியாதது. ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மோட்டாரை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். இதற்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை. பார்க்காத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்கள்?

இரண்டாவது சிக்கல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. சிவப்புக் கட்டிக்கு முன்னால் ஒரு பழுப்புக் கட்டி உண்டு. அரத்தின் கீறலையும் உப்புத்தாளின் தடத்தையும் அழிக்க முதலில் அதைத்தான் போடுவார்கள். டிரிப்போலி என்று பெயர். சிலிக்கா நிறைந்த ஒரு பாறையின் மாவு அது. சிவப்பு பயமுறுத்துமே தவிர அவ்வளவு கெடுதல் செய்யாது. கெடுப்பது இந்தப் பழுப்பு. அது துணியில் படிந்தால் மண் கறை போலத்தான் இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சிலிக்கா என்ற சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். கோலார் தங்கம் ஆற்று மணலில் மினுக்கிக்கொண்டு கிடந்ததல்ல. வெண்கல் பாறைக்குள், குவார்ட்ஸ் என்கிறார்களே அதற்குள், இழையாக ஓடியது. குவார்ட்ஸ் என்பது சிலிக்காவேதான். நைனா சாம்பியன் ரீஃபில் துளையிடும் மிஷின் ஓட்டியவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையைத் துளைக்கும்போதும், வெடித்தபின் வாரும்போதும் எழுகிற தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் அங்கே தழும்பு கட்டும். அதுதான் சிலிக்கோசிஸ். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே கோலார் தங்கவயலில், 1947இல் என்று மருத்துவப் பாடப் புத்தகங்கள் எழுதுகின்றன. எங்கள் ஊருக்கு இப்படியும் ஒரு முதலிடம். வேலையை விட்டாலும் நோய் விடாது. தழும்பு வளர்ந்துகொண்டே போகும். காசநோய்க்குக் கதவைத் திறந்து வைக்கும். குணப்படுத்த மருந்து இல்லை. நைனாவுக்கு இரண்டும் வந்தன. 2006இல் போனார்.

ஆக, அப்பாவைத் தின்றதும் மகனின் மேசையில் கட்டியாக இருப்பதும் ஒரே பொருள். அப்பாவாவது அதைச் சுரங்கத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். இவன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

இதை அவனிடம் சொன்னேன். கையேட்டின் தமிழ்ப் பிரதியையும் கொடுத்தேன். “காற்றோட்டமான தனி அறையில் வேலை செய்யவும்” என்ற வரியை உரக்கப் படித்தான். “தனி ரூமுக்கு வாடகை யாருக்கா குடுப்பா? இத எழுதுனவங்களா, நீயா?” என்றான். பதில் இல்லை. அந்த வரியை மொழிபெயர்க்கும்போது எனக்கே ஒரு கூச்சம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவன் அசுத்தமாக வேலை செய்கிறவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் சமையலறையைவிட அவன் மேசை சுத்தம். மாலையில் வேலை முடிந்ததும் மென்மையான பிரஷால் மேசையைக் கூட்டி, ஒவ்வொரு துணுக்கையும் காகிதத்தில் வாங்கி டப்பாவில் போடுவான். தரையைக் கூட்டி அந்தக் குப்பையையும் சேர்ப்பான். கை கழுவிய தண்ணீர் வாளியில் தங்கும். அடியில் வண்டல் படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் இறுப்பான். தேய்ந்துபோன துணிச் சக்கரத்தைக்கூட எறிய மாட்டான், எரித்துச் சாம்பலைக் கொடுத்தால் காசு. நகைத்தொழில் செய்யும் தெருக்களில் சாக்கடை மண்ணை அரிப்பவர்களே உண்டு, அதிலும் தங்கம் கிடைக்கும் என்பதால். இந்தத் தொழிலில் சுத்தம் என்பது தங்கத்துக்காக.

அந்தச் சுத்தம்தான் ஆபத்து என்று புரிய எனக்கே நாளாயிற்று. உலர்ந்த தரையை விளக்குமாற்றால் கூட்டும்போது, படிந்திருந்த நுண்தூசி மறுபடி காற்றில் ஏறுகிறது. கனமான தங்கத் துணுக்கு முறத்தில் விழும். சிலிக்கா மேலே போகும். கூட்டும்போது மேசை விசிறியும் ஓடும், வியர்க்கிறதல்லவா. துணிச் சக்கரத்திலிருந்து உதிரும் பஞ்சு போன்ற நூல்கள் மெழுகோடு சேர்ந்து மூலையில் குவியும்; பற்றவைக்கும் ஊதுகுழல் அதற்கு ஒரு முழ தூரத்தில். அது தீக்குச்சி வைத்த வைக்கோல்.

நைனா சொல்வார், ஷாப்டை விட்டு மேலே வந்ததும் காவலர்கள் தங்களைச் சோதனை போடுவார்கள் என்று. வாய்க்குள், தலைமுடிக்குள், செருப்புக்குள் எல்லாம் பார்ப்பார்களாம், ஒரு பொட்டுத் தங்கம் ஒளிந்திருக்கிறதா என்று. நெஞ்சுக்குள் எவ்வளவு பாறையை எடுத்துப்போகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு இருமலில் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தம்பி வீட்டில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. வெள்ளைக் கட்டிகள். நகையின் மேல்தோலை அரித்துப் பளிச்சென்று ஆக்கப் பட்டறைகளில் பயன்படுத்துவது. சயனைடு. வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அலறுவார்கள். எங்கள் ஊரில் அது வீட்டுச் சொல். 1887இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சிய மண்ணைக் கொட்டிய மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன, மூன்று கோடி டன்னுக்கு மேல். சயனைடு மேட்டில் ஏறி விளையாடி வளர்ந்தவனுக்குப் பொட்டலத்தைப் பார்த்தால் பயம் வருமா? நகையை ஊறவைக்கும் அமிலப் புட்டியும் அந்தப் பொட்டலமும் ஒரே அலமாரியில், பிள்ளையின் கிரேயான் டப்பாவுக்கு மேல்தட்டில் இருந்தன. இரண்டும் கலந்தால் வரும் வாயு பத்துக்குப் பத்து அறையில் யாரையும் விட்டுவைக்காது. அன்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சாயந்திரமே அதைக் கொடுத்த பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அமில வேலையும் அதோடு நின்றது. இப்போது வெந்நீரும் பூந்திக்கொட்டையும்தான். சோப்பு நீரைவிட நன்றாகவே எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறது என்கிறான்.

தூசிக்கு அப்படி ஒரே நாளில் தீர்வு வரவில்லை. முதலில் முகமூடி. கொரோனாக் காலத்துத் துணி முகமூடி நிறைய இருந்தது. நுண்தூசிக்கு அது சல்லடை மாதிரி. என்-95 வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடம் போட்டான், மூச்சு முட்டுகிறது என்று கழுத்துக்கு இறக்கினான். அவன் போட்டாலும் அதே அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு என்ன செய்வது, காய் நறுக்கும் மனைவிக்கு என்ன செய்வது?

அடுத்து, சமையலறைச் சுவரில் துளை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தான். முன்னறைத் தூசி முழுவதும் சமையலறை வழியாகப் போய்ப் பின்சந்தில் விழுந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். பள்ளிச் சீருடை, முதுகு முழுக்கச் சிவப்புப் புள்ளி. “உங்க வூட்டு அழுக்க எங்க வூட்ல கொட்றீங்களேப்பா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வார்த்தை எனக்குக் குஜராத்தை நினைவுபடுத்தியது. அங்கே கம்பாத் என்ற ஊரில் அகேட் கல்லை மணியாகத் தேய்த்து மெருகேற்றும் தொழில் பல தலைமுறைகளாக வீடுகளிலேயே நடக்கிறது. அகேட்டும் சிலிக்காதான். கல் தேய்ப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், அந்தத் தொழிலே செய்யாமல் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் சிலிக்கோசிஸ் இருந்ததை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். வீடுதான் பட்டறை என்றால் தெருதான் தொழிற்கூடம். ஆனால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எந்தச் சமையலறைக்குள்ளும் வருவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்குள்ள பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் ஒப்பந்தமே கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை.

கம்பாத்தைப் பற்றிப் படித்ததில் உருப்படியாகக் கிடைத்தது ஒரு விஷயம்தான். தூசியை அறையிலிருந்து விரட்டப் பார்க்கக் கூடாது, அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மூடிய ஒரு கூண்டு; பின்னால் குழாய்; குழாயின் முனையில் உறிஞ்சும் மிஷின்; அதற்குள் தூசியைத் தடுத்து நிறுத்தும் பை. பெரிய பட்டறைகளில் இது சாதாரணம். புதிதாக வாங்க நம்மால் ஆகாது. பெங்களூரில் தொழிலை மூடிய ஒருவரிடம் பழையது 18,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பாதி நான் போட்டேன், கையேட்டுக்கு வந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது.

தம்பி அதை எனக்காகத்தான் மாட்டினான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நெஞ்சைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவன் மனதில் ஏறவில்லை. நைனாவின் பெயரை எடுத்தாலும், “அது மைன்ஸ்க்கா, இது பாலிஷு” என்று முடித்துவிடுவான்.

மாற்றியது வேறு. கடைக்காரரோடு அவனுக்கு உள்ள பேச்சு இது: நகையை எடை போட்டுத் தருவார், பாலிஷ் ஆனபின் எடை போட்டு வாங்குவார், தேய்மானத்துக்கு என்று ஓர் அளவு விட்டுக்கொடுப்பார். தேய்ந்த தங்கத்தில் இவன் எவ்வளவு பிடிக்கிறானோ அது இவனுக்கு. நாலு மாதம் கழித்துத் தூசிப் பையை முதன்முதலாகப் பிரித்து, உள்ளே இருந்ததை எரித்து, உருக்குபவரிடம் கொண்டுபோனான். அன்றிரவு போன் செய்தான். அத்தனை நாளும் விளக்குமாற்றில் சேர்த்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. “இவ்ளோ தங்கம் இத்தன நாளா எங்கக்கா போச்சு?” என்றான்.

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். சுவரில், சந்தில், பக்கத்து வீட்டுச் சீருடையில், அவர்கள் ஐந்து பேரின் நெஞ்சில். சொல்லவில்லை. தங்கம் சொன்னால் கேட்பவனிடம் நான் எதற்குக் குறுக்கே பேச வேண்டும்?

அதற்குப் பிறகு மற்றவை தாமாக நடந்தன. பழுப்புக் கட்டியை விட்டுவிட்டு அலுமினா கலந்த வேறு கட்டிக்கு மாறினான். விலை கூடுதல், பளபளப்பு வர சற்று நேரம் ஆகிறது என்று முணுமுணுத்தான். வேலை நேரத்தில் முன்னறையில் யாரும் வரக் கூடாது. அதற்கென்று ஒரு சட்டை, அது வேலை முடிந்ததும் வாசலிலேயே கழன்று தனி வாளிக்குப் போகிறது. விசிறி கிடையாது. உலர்ந்த விளக்குமாறு கிடையாது, ஈரத் துணி மட்டும். இதில்தான் தகராறு. தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊர் இது. தினம் அரை வாளித் தண்ணீர் தரைக்குப் போவதை அவன் மனைவியால் பொறுக்க முடியவில்லை. “குடிக்கத் தண்ணி இல்ல, தூசுக்குத் தண்ணியாக்கா?” என்று என்னைக் கேட்டாள். அம்மாதான் அதற்குப் பதில் சொன்னாள். நைனா ஓட்டிய மிஷினிலும் தண்ணீர்க் குழாய் உண்டாம், பாறை தூசியாகப் பறக்காமல் சேறாக இறங்க. தண்ணீரைத் திறந்தால் வேலை தாமதமாகும் என்று சில சமயம் மூடிவிட்டு ஓட்டுவார்களாம். “ஒங்க மாமனாரு அப்டி ஓட்னவருதான்” என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். சந்துக் கொடியில் துணிகள் வெள்ளையாகக் காய்ந்தன. பையன் வளர்ந்து மீசை அரும்பப் பார்க்கிறான். முன்னறைக் கதவை மூடிவைப்பதில் அப்பனைவிட அவன் கண்டிப்பு. காற்றுக் காலம். சயனைடு மேட்டிலிருந்து கிளம்பிய சாம்பல் நிறப் புழுதி ஜன்னல் திட்டில் படிந்திருந்தது. அம்மா ஈரத் துணியால் துடைத்தாள், சாயந்திரம் பார்த்தால் மறுபடியும் படிந்திருந்தது. அந்த மேடுகளிலிருந்து மீதித் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. அப்படியானால் மண்ணை வாரும்போது தண்ணீர் தெளிப்பார்களா என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

தம்பியிடம் ஒரு காரியம் மட்டும் இன்னும் ஆகவில்லை. இருபது வருடமாகப் பாலிஷ் போடுகிறான், அதில் பெரும்பகுதி பழுப்புக் கட்டியோடு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். மாடிப்படி ஏறும்போது இப்போதெல்லாம் பாதியில் ஒரு தரம் நிற்கிறான் என்று அவன் மனைவி தனியாகச் சொன்னாள். இந்த முறையும் கேட்டேன். சக்கரத்தை நிறுத்தாமல், மோதிரத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே, “தீபாவளி ஆர்டர் முடியட்டும்க்கா” என்றான்.